அரளிப்பூவுக்கு யார் பி.ஆர்.ஓ? பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு கேள்வி!

2024 மே மாதம் கேரளாவின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு ஒரு முடிவை அறிவித்தது. தன் நிர்வாகத்தில் இருக்கும் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் இனி அரளிப்பூ சேர்க்கக் கூடாது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அங்கே ஓர் இளம்பெண் இறந்திருந்தார். அரளி இலையைத் தெரியாமல் மென்றது காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்திருந்தது. மலபார் தேவசம் போர்டும் அதே முடிவை எடுத்தது.

அந்த அறிவிப்பில் ஒரு நுணுக்கம் இருந்தது. வாயில் போடும் பொருளில்தான் அரளி கூடாது. பூஜைக்குப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால், செல்போனில் ஓடும் ஒரு வரிச் செய்தியில் நுணுக்கமெல்லாம் நிற்குமா? 'கோயில்களில் அரளிக்குத் தடை!' அவ்வளவுதான். மீதி வரியை யாரும் படிக்கவில்லை.

இதில் பனமரத்துப்பட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி இது. சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-ல் வெட்டிய பெரிய ஏரி ஒரு அடையாளம் என்றால், அரளியும் குண்டுமல்லியும் இன்னொரு அடையாளம். தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் செடி என்பதால் சுற்றுவட்டாரத்தில் அரளித் தோட்டங்கள் நிறைய. மொட்டாகப் பறித்து, மூட்டை கட்டி, சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வேலையில் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். அரளி என்ற பெயருக்கு எங்கே அடி விழுந்தாலும் அது இந்தத் தோட்டங்களின் கவலைதான்.

அந்த மே மாதத்தில் அரளி விவசாயி சார்பில் ஒருவர் எழுந்து பேசியிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அரளியில் விஷமே இல்லை, வதந்தி பரப்புகிறார்கள்" என்றா? சொன்னால் அது பொய். அரளிச் செடியின் எல்லா பாகமும் விஷம்தான். கிராமத்தில் இது தெரியாத பாட்டி கிடையாது. "விஷம் என்பது உண்மை. பூ, இலை, தண்டு எதையும் வாயில் வைக்காதீர்கள். மாலையாகக் கட்டலாம், சாமிக்குச் சூட்டலாம். பூ தொட்ட கையைக் கழுவுங்கள். வாடிய மாலையை ஆடு, மாடு மேய்கிற இடத்தில் போடாதீர்கள். தேவசம் போர்டு சொன்னதும் இதைத்தான்." இப்படி நாலு வரி, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள், செய்தி எழுதுகிறவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.

இந்த நாலு வரியை எழுதுவதற்குப் பெயர்தான் மக்கள் தொடர்பு. பி.ஆர். என்றால் பூசி மெழுகுவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கெட்ட பெயர் அந்தத் தொழிலுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

கோழிக்கு இருந்தது, பூவுக்கு இல்லை

பக்கத்து நாமக்கல்லைப் பாருங்கள். 2020 தொடக்கத்தில், கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. கோழி, முட்டை இரண்டின் விற்பனையும் விழுந்தது. ஹைதராபாத்தில் அமைச்சர்களே மேடையேறி, ஊர் பார்க்கக் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். அந்த அளவுக்குப் போயும் பயம் உடனே போய்விடவில்லை. ஆனாலும் கோழிக்காகப் பேச ஓர் அமைப்பு இருந்தது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-லிருந்து இயங்குகிறது. முட்டை விலையை அறிவிப்பது முதல் 'தினமும் முட்டை சாப்பிடுங்கள்' என்று டி.வி.யில் விளம்பரம் கொடுத்தது வரை அதன் வேலைதான்.

அது உற்பத்தியாளர்களின் அமைப்பு. அரளிக்கு அப்படிப் பேசிய குரல் அன்றைக்குக் காதில் விழவில்லை. சரி, நாளைக்கே பூ விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, படித்த பிள்ளை ஒருவரை "எங்களுக்காகப் பேசு" என்று நியமித்தால்? அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று சந்தேகம் வந்தால் யாருக்கு போன் போடுவார்?

டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. பி.ஆர்.ஓ-வுக்கு?

சினிமாக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்

தமிழர்களுக்கு பி.ஆர்.ஓ என்ற வார்த்தை அறிமுகமானதே சினிமா டைட்டிலில்தான். எம்.ஜி.ஆர் தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' 1958-ல் வந்தது. அந்தப் படத்துக்குச் செய்தித் தொடர்பு வேலை பார்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ என்று சொல்வார்கள். படங்களைப் பற்றிய தகவல்களையும் புகைப்படங்களையும் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைக்க முடியும் என்று காட்டியவர். 2016-ல் காலமானார். கோடம்பாக்கத்தில் இன்று பி.ஆர்.ஓ-க்களுக்குத் தனி யூனியனே இருக்கிறது.

அதே 1958-ல்தான் கம்பெனிகளிலும் அரசுத் துறைகளிலும் மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து, பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக பி.ஆர்.எஸ்.ஐ. எட்டு வருடம் நண்பர் குழாம் மாதிரி ஓடிய அது, 1966-ல் பதிவு பெற்ற சங்கம் ஆனது. காலி எச். மோடி முதல் தலைவர். தொடக்க காலக் கிளைகளில் சென்னையும் ஒன்று.

1968 ஏப்ரல் 21-ம் தேதி டெல்லியில் முதல் அகில இந்திய மாநாடு கூடியது. அந்த மாநாட்டை ஒட்டித்தான் இந்தச் சங்கம் தனக்கென்று ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. அது சொந்தமாக எழுதியது கிடையாது. 1965 மே மாதம் கிரீஸின் ஏதென்ஸ் நகரில் சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் ஏற்ற நெறிமுறை. ஐ.நா-வின் மனித உரிமைப் பிரகடனத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. வேறு எந்தத் தேவைக்காகவும் உண்மையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளக் கூடாது, சரிபார்க்க முடியாத தகவலைப் பரப்பக் கூடாது என்பவை அதன் முக்கியமான அம்சங்கள். அரளிப்பூ விஷயத்தில் 'விஷம் என்பது உண்மை' என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கான பதில் இதில் இருக்கிறது.

ஏப்ரல் 21-ஐ தேசிய மக்கள் தொடர்பு தினமாக 1986-லிருந்து கொண்டாடுகிறார்கள்.

இன்று இந்தியாவில் பி.ஆர்.எஸ்.ஐ மட்டும்தான் என்றில்லை. பி.ஆர். நிறுவனங்கள், அதாவது கன்சல்டன்சிகள், சேர்ந்து 2001-ல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் உறுப்பினர் என்பது நிறுவனம்தான். பெங்களூரை மையமாகக் கொண்டு 2004-ல் உருவான பப்ளிக் ரிலேஷன்ஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா இன்னொன்று. 'கவுன்சில்' என்று பெயர் இருப்பதால் மருத்துவ கவுன்சில் மாதிரி அரசு அமைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாமே தொழில் செய்கிறவர்கள் தாங்களே சேர்ந்து நடத்துபவை.

முக்கியமான விஷயமே இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் பி.ஆர்.ஓ ஆவதற்கு லைசென்ஸ் கிடையாது. பிரேசிலில் 1967-லேயே சட்டம் போட்டு, பதிவு செய்தவர்கள்தான் இந்தத் தொழில் செய்யலாம் என்றார்கள். நைஜீரியாவில் 1990-லிருந்து சட்டப்பூர்வமான அமைப்பு இருக்கிறது. நம் ஊரில் நாளை காலை யார் வேண்டுமானாலும் 'பி.ஆர்.ஓ' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். தப்பு செய்தால் கார்டைப் பிடுங்க யாராலும் முடியாது. அப்படியானால், சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு சங்கத்தில் ஏன் சேர வேண்டும்?

மேஜைக்கு வந்த விளம்பரம்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர் பனமரத்துப்பட்டி. இதழியல் படித்துவிட்டு, தினமும் பஸ் ஏறி சேலம் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் பி.ஆர்.ஓ-வாக வேலை பார்க்கிறார். பெயர்தான் பி.ஆர்.ஓ. இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்புவதிலிருந்து, வி.ஐ.பி வந்தால் லிஃப்ட்டைப் பிடித்து வைப்பது வரை அவர்தான். இரண்டாம் நிலை நகரங்களில் இந்த வேலைக்கு வருகிற முக்கால்வாசிப் பேரின் கதை இது. அந்த அலுவலகத்தில் இதே வேலை செய்கிற இன்னொருவர் கிடையாது.

ஒருநாள் எம்.டி கூப்பிடுகிறார். ஒரு தாளை நீட்டுகிறார். 'சர்க்கரை நோய் 90 நாளில் முழுமையாகக் குணமாகும்' என்று தலைப்பு.

"இதை நாளைக்கு நம்ம பேஜ்ல போட்டுடும்மா. பேப்பருக்கும் நியூஸ் மாதிரி அனுப்பிடு."

"சார், முழுசா குணமாகும்னு போடலாங்களா சார்?"

"எல்லாரும்தான் போடறாங்க. நாம போட்டா மட்டும் என்ன?"

அவருக்கு உள்ளுக்குள் ஏதோ இடிக்கிறது. ஆனால் என்ன இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அவர் பக்கம் ஒரு சட்டமே நிற்கிறது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், ஒரு பட்டியல் போட்டு, அதில் இருக்கும் நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் உண்டு. எழுபது வருடத்துக்கு முந்தைய சட்டம். ஆனால் அந்த நிமிடத்தில், எம்.டி-யின் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு இதை நினைவுபடுத்திச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே!

சங்கம் என்பது அந்த நிமிடத்துக்குத்தான். "சார், ஒரு அரை மணி நேரம் டைம் கொடுங்க" என்று வெளியே வந்து, இருபது வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் இதே வேலை பார்த்த அக்கா ஒருவருக்கு போன் அடிக்க முடிந்தால், அவர் சட்டத்தின் பெயரையும் சொல்வார், எம்.டி-யிடம் எப்படிச் சொன்னால் அவர் கோபப்படாமல் கேட்பார் என்பதையும் சொல்வார். "முடியாதுன்னு சொல்லாதே. 'கட்டுப்பாட்டில் வைக்கலாம்'னு மாத்தி ஒரு டிராஃப்ட் எடுத்துட்டுப் போ. கூடவே, டாக்டர் நேர்ல பதில் சொல்ற மாதிரி ஒரு முகாம் வைக்கலாம்னு சொல்லு." இந்த இரண்டாவது யோசனை எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

மருத்துவமனைக்குப் பதில் இன்ஜினீயரிங் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். '100% வேலைவாய்ப்பு' என்று போடச் சொல்வார்கள். ஜவுளிக்கடை என்றால் வேறொன்று. ஆலையில் விபத்து நடந்த இரவு "ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிடு" என்பார்கள். அந்த இரவில் தனியாக இருக்கிற பி.ஆர்.ஓ, பெரும்பாலும் சொல்லிவிடுவார். காலையில் உண்மை வெளியே வந்ததும் மாட்டிக்கொள்வதும் அவர்தான்.

இன்னொரு சங்கடம் 'கவர்'. செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் பைக்குள் வைத்துக் கொடுக்கப்படும் அந்த உறை. வாங்குவது எவ்வளவு தப்போ, கொடுப்பதும் அவ்வளவு தப்பு. "கொடுக்காமல் இருந்தால் செய்தி வராது" என்று நிர்வாகம் பயப்படுகிறது. தனியாக ஒரு பி.ஆர்.ஓ இதை நிறுத்த முடியாது. ஒரு ஊரின் பி.ஆர்.ஓ-க்கள் எல்லாரும் சேர்ந்து "நாங்கள் கொடுப்பதில்லை" என்று முடிவெடுத்தால் அந்த வழக்கம் ஒரே மாதத்தில் நின்றுவிடும். இதைச் சங்கமாகத்தான் செய்ய முடியும்.

லண்டனில் விழுந்த அடி

சட்ட அதிகாரம் இல்லாத சங்கத்தால் என்ன செய்துவிட முடியும் என்பதற்கு 2017-ல் லண்டனில் ஒரு பதில் கிடைத்தது. கதையில் நம் நாட்டுக்காரர்களும் வருகிறார்கள்.

பெல் பாட்டிங்கர் என்பது பிரிட்டனின் பெரிய பி.ஆர். நிறுவனங்களில் ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிம் பெல், மார்கரெட் தாட்சருக்குத் தேர்தல் ஆலோசகராக இருந்தவர். 2016-ல் தென்னாப்பிரிக்காவின் ஓக்பே நிறுவனம் இவர்களை வேலைக்கு எடுத்தது. மாதச் சம்பளம் ஒரு லட்சம் பவுண்டு என்று செய்திகள் வந்தன. ஓக்பே, உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா போய்க் குடியேறிய குப்தா சகோதரர்களின் நிறுவனம். அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு மிக நெருக்கமானவர்கள் என்று அவர்கள் மீது கடும் விமர்சனம் எழுந்திருந்த நேரம்.

விமர்சனத்தைத் திசைதிருப்ப ஒரு பிரசாரம் நடந்தது. நாட்டின் பொருளாதாரம் வெள்ளையர் கையில் இருக்கிறது என்ற கோபத்தைத் தூண்டிவிடுகிற பிரசாரம். இனப் பகையில் பல பத்தாண்டுகள் வெந்து, 1994-ல்தான் விடுதலை கண்ட நாட்டில் அந்த நெருப்பை மறுபடி விசிறிவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. தென்னாப்பிரிக்காவின் எதிர்க்கட்சி ஒன்று, பிரிட்டனின் பி.ஆர். நிறுவனங்கள் சங்கத்திடம் புகார் கொடுத்தது. கவனிக்க: கோர்ட்டில் கொடுக்கவில்லை, போலீஸில் கொடுக்கவில்லை. சங்கத்தில் கொடுத்தது.

சங்கம் விசாரித்தது. 2017 செப்டம்பர் 4-ம் தேதி, பெல் பாட்டிங்கரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. குறைந்தது ஐந்து வருடத்துக்கு உள்ளே வரவே முடியாது. அபராதம் ஒரு பைசா கிடையாது. தொழில் செய்யத் தடையும் கிடையாது. ஆனால், வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எட்டாவது நாள், செப்டம்பர் 12-ம் தேதி, நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது.

பி.ஆர். நிறுவனத்தின் சொத்தே பெயர்தான். அந்தப் பெயரைச் சக தொழில்காரர்களே "எங்களில் ஒருவர் இல்லை" என்று சொல்லிவிட்டால் வேறு தண்டனை எதற்கு? ஆனால் ஒன்று. அந்தச் சங்கத்தில் ஆள்கள் இருந்தார்கள், விதி இருந்தது, புகாரை வாங்க ஓர் இடம் இருந்தது, வாங்கியதைத் தட்டிக்கழிக்காமல் விசாரிக்கும் துணிச்சல் இருந்தது. பெயர்ப்பலகை மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பொன்னாடைக்கு அப்பால்

நம் ஊரில் சங்கம் என்றவுடன் கண்முன் வருவது என்ன? மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, பிறகு குரூப் போட்டோ. தொழில் சங்கங்களும் இதற்கு விதிவிலக்கு கிடையாது. வருடத்துக்கு ஒரு விருது விழா, அதில் பாதிப் பேருக்கு விருது என்று நடக்கிற அமைப்புகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. சந்தா கட்டி, கார்டு வாங்கி, லிங்க்டுஇன் பக்கத்தில் 'மெம்பர்' என்று போட்டுக்கொள்வதோடு நின்றுவிடுகிறவர்களும் அதிகம். அவர்களுக்குக் கிடைப்பது அந்த கார்டு மட்டும்தான்.

போன் எடுக்கிற அந்த அக்கா, கார்டைப் பார்த்து போன் எடுப்பதில்லை. போன வருடம் ஒரு கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொடுத்த பெண், பேச்சாளரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்த பெண் என்று முகம் தெரிவதால் எடுக்கிறார். ஈடுபாடு என்பதற்கு நடைமுறை அர்த்தம் இதுதான். புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே மேடையில் பேச முடியாது. ஆனால் கூட்டத்துக்கு பிரஸ் நோட் எழுதித் தரேன் என்று கை தூக்கலாம்.

அந்த பிரஸ் நோட் விஷயத்தில் மட்டும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினால் தமிழ்நாட்டின் எல்லா செய்தி அறைகளும் நன்றி சொல்லும். தினமும் வந்து விழுகிற பிரஸ் நோட்டுகளின் லட்சணம் இருக்கிறதே! முதல் பத்தி முழுக்க வந்திருந்த விருந்தினர்கள் பெயர். இரண்டாம் பத்தியில் வரவேற்புரை யார், நன்றியுரை யார். கடைசி வரியில்தான், '200 மாணவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை நடந்தது' என்ற செய்தியே இருக்கும். எழுத்துரு பழசு, திறந்தால் கோழி கிறுக்கியது மாதிரி வரும். போட்டோ வாட்ஸ்அப்பில் ஏழு பேர் கை மாறி, முகம் தெரியாத அளவுக்கு நைந்திருக்கும். சந்தேகம் கேட்கலாம் என்றால் போன் நம்பர் இருக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், செய்தியை முதல் வரியில் வையுங்கள், போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், நம்பர் போடுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

மொழி இன்னொரு தடை. இந்தத் தொழிலின் மாநாடுகள், நெறிமுறைகள், பாடப்புத்தகங்கள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு பி.ஆர்.ஓ பேசுவதும் எழுதுவதும் தமிழில். ஏதென்ஸ் நெறிமுறையை எளிய தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, எம்.டி-யின் மேஜையில் வைக்கிற மாதிரி ஒரு அட்டையாக்கிக் கொடுத்தால், அது பத்து விருது விழாவுக்குச் சமம். ஆங்கிலம் சரளமாக வராது என்று கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிற சின்ன ஊர்ப் பிள்ளைகள்தான் இந்த வேலைக்குச் சரியான ஆள்கள். சென்னையின் பெரிய ஆள்களுக்கு இது வராது. (தமிழில் பெயர்க் குழப்பம் வேறு: பி.ஆர்-க்கு 'மக்கள் தொடர்பு', மாஸ் கம்யூனிகேஷனுக்கு 'மக்கள் தொடர்பியல்'. ஒரு 'இயல்' விட்டுப்போனால் துறையே மாறிவிடுகிறது!)

சேலத்திலேயே ஆரம்பிக்க முடியாதா?

சேலத்திலிருந்து சென்னை கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர். ஒரு மாலை நேரக் கூட்டத்துக்காக ஒரு நாள் லீவு, போக வரச் செலவு. மாதச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுக்கிற பெண்ணுக்கு இது விளையாட்டு கிடையாது. இரவு பஸ்ஸில் தனியாகத் திரும்ப வீட்டில் சம்மதிப்பார்களா என்பது அடுத்த கேள்வி. கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைன் கூட்டங்கள் பழகிவிட்டதால் பேச்சைக் கேட்பதற்குச் சென்னை போக வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. ஆனால் திரையில் பார்த்த முகத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் போட மனசு வராது. நேரில் பார்த்தாக வேண்டும். மாதாமாதம் வேண்டாம், வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

மீதி மாதங்களுக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார்கள். ஒரு மாவட்டத் தலைநகரில் பி.ஆர். வேலை பார்க்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். கலெக்டர் ஆபீஸில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். உருக்காலையில் அதற்கென்று தனி ஆள்கள். மருத்துவமனைகள், கல்லூரிகள், நகைக்கடைகள், ஜவுளி நிறுவனங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை. அங்கே படிக்கிற மாணவர்கள். இவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்தது பிரஸ் மீட்டில் மட்டும்தான், அதுவும் போட்டிக் கம்பெனி ஆளாக. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர், ஒரு கல்லூரியின் காலி வகுப்பறை. இதற்குப் பதிவு எண் தேவையில்லை, லெட்டர்ஹெட் தேவையில்லை. வருகிற ஆள்கள் நிலைத்து நின்றால் பிறகு ஏதாவது ஒரு தேசிய அமைப்பிடம் கிளை கேட்டுக்கொள்ளலாம். பி.ஆர்.எஸ்.ஐ-யே எட்டு வருடம் பதிவு இல்லாமல்தானே ஓடியது?

அப்படிக் கூடும்போது ஒரு விதி மட்டும் முதல் நாளே போட்டுவிட வேண்டும். அவரவர் கம்பெனி ரகசியம் அந்த அறைக்குள் வரக் கூடாது. பெயர் சொல்லாமல் "ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு சிக்கல்" என்று பேசலாம்; நோயாளியின் பெயரோ போட்டோவோ எதற்காகவும் வெளியே வரக் கூடாது. இது பிசகினால் இரண்டாம் மாதமே நிர்வாகங்கள் தங்கள் ஆள்களை அனுப்ப மறுத்துவிடும். மறுப்பது நியாயமும்கூட.

முதல் கூட்டத்துக்குத் தலைப்பு தேட வேண்டியதில்லை. 2024 மே மாதத்துச் செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு, அரளி விவசாயிகளுக்காக ஆளுக்கொரு அறிக்கை எழுதச் சொல்லலாம். பனமரத்துப்பட்டியிலிருந்து இரண்டு விவசாயிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இதில் எது உங்களுக்குச் சரி?" என்று கேட்கலாம். 'விஷமே இல்லை' என்று எழுதுகிற ஆளும் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவரைச் சுற்றி நடக்கிற வாக்குவாதம்தான் அன்றைய பாடம்.

பெரிய அமைப்பில் சந்தா கட்டுவதற்கு முன்பு சில விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. நிர்வாகிகளுக்குத் தேர்தல் நடக்கிறதா, கடைசியாக எப்போது நடந்தது? வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா? நெறிமுறை முழுசாக எங்கே கிடைக்கும்? உறுப்பினர் ஒருவர் மீது புகார் என்றால் யாரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும்? மாணவர்களுக்குச் சந்தா குறைவா? பணத்தை அலுவலகம் கட்டுகிறதா, சொந்தப் பணமா என்பதையும் யோசிக்க வேண்டும். அலுவலகம் கட்டினால் பாக்கெட்டுக்கு நல்லது. ஆனால் அந்த உறுப்பினர் இடம் நிறுவனத்தின் பெயரிலா, உங்கள் பெயரிலா என்று விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், வேலையை விட்ட அன்றைக்கே அது அடுத்து வருகிறவருக்குப் போய்விடும்.